இரண்டு அடுப்புக்கு வைத்த பெயர்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறிவிட்டதா என்று யாராவது கேட்டால், ஆறவில்லை என்றுதான் சொல்வேன். என் மேல் எனக்குள்ள கோபமும் ஆறவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். காத்திருந்து காத்திருந்து, வீடு ஒதுக்கும் பட்டியலில் அவர் பெயரும் அவருடைய மகன் பெயரும் ஏறின. அந்த இரண்டு பெயரையும் அடித்துப் போட ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஆராய்ச்சிக்காரர்கள். அதைத் தமிழில் எழுதியவள் நான்.

நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான், மலையாளப் பள்ளியில். அப்பா அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ் என்பது எங்களுக்கு வீட்டில் பேசுவது. நான் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது பழைய வாரப் பத்திரிகைகளில். ஒரு டி.டி.பி. கடையில் வேலை. இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்வேன் என்பதால், கொச்சியில் உள்ள தமிழ்க் குடும்பங்களை ஆராய யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வைட்டிலாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே போன் வந்துவிடும். நானும் யோசிக்காமல் அவர்களை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவேன். அக்கா நன்றாகப் பேசுவார். சாயா கொடுப்பார். எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

முதலில் வந்தவர் மொழியியல்காரர். மூன்று நாள் மாவுக் கடை ஓரமாக உட்கார்ந்து அக்கா பேசியதையெல்லாம் பதிவு செய்தார். அக்கா ஆட்டோக்காரரைச் சேட்டா என்றார், மசாலா கிடங்கில் மூட்டை இறக்குகிறவரை அண்ணே என்றார், எதிர்க்கடைக்காரரை பாய் என்றார் அல்லவா, அதற்கு ‘அடையாள ஸ்ட்ராட்டஜி’ என்று ஒரு பெயர் இருக்கிறதாம். நான் அதை அக்காவிடம் விளக்க முயன்றேன்.

“அந்தந்த ஆள எப்படிக் கூப்பிடணுமோ அப்படித்தானே கூப்பிட முடியும்? பின்ன ஆட்டோக்காரச் சேட்டன மாமான்னா கூப்பிடுவேன்?” என்றார் அக்கா.

அடுத்து வந்தவர் நிர்வாகவியல் படித்தவர். வெள்ளிக்கிழமை வாங்குகிறவர்களுக்கு அக்கா ஒரு கரண்டி மாவு கூடப் போடுவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அது வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் ஸ்ட்ராட்டஜி. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடலுக்குப் போகாத வீடுகளில் காலைச் சமையல் தாமதம், விற்பனை மந்தம், மிஞ்சிய மாவு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும் என்று அக்கா சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. பிறகு பொருளாதாரக்காரர் ஒருவர் வந்து பெண்களை இரண்டு அறையில் உட்கார வைத்து விளையாட்டு நடத்தினார். ஒருத்தியிடம் பத்து சோப்புக் கட்டி கொடுப்பார். அடுத்த அறையில் இருப்பவளுக்கு எத்தனை கொடுக்கலாம் என்று அவளே முடிவு செய்ய வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் ஐந்து கொடுத்தார். பின்னால் திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் செய்யும் ஸ்ட்ராட்டஜி இது என்று அவர் எனக்கு வரைபடம் போட்டுக் காட்டினார். ஏன் ஐந்து என்று அக்காவிடம் நான் கேட்டதற்கு, “அவளும் துணி தொவைக்கணும்லா?” என்றார்.

உயிரியல்காரர் ஒருவர்தான் எங்களைத் தேடி வராமல் கரிமீனைத் தேடி வந்தார். கரிமீனில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டைக்குக் காவல் இருக்குமாம். அதுவும் ஸ்ட்ராட்டஜிதான். ஆனால் மீன் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, சும்மா சொல்லும் முறை என்று அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். மீனுக்குக் கொடுத்த அந்தச் சலுகையை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. எங்கள் சந்தில் எவரும் ஒரு காரியத்தைக் கோபத்திலோ அசதியிலோ பாசத்திலோ செய்துவிடக் கூடாது. எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்க வேண்டும். ஏழையாக இருந்தால் மறதிகூட ஒரு திட்டம்தான்.

இதையெல்லாம் அப்போது நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். வீடுகளைப் பற்றி ஆராய ஒரு பெண் வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது.

நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள், பாயில் உட்காருவாள். அக்காவின் வீடு இரண்டு அறை. கடல் ஏறும் நாட்களில் ஓடைத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரும். கிரைண்டரைப் பலகை மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். முன்னறையில் அக்கா, பின்னறையில் மகனும் மருமகளும். இரண்டு அறையிலும் அடுப்பு உண்டு. மகனுக்குத் தனி ரேஷன் கார்டு. அதனால்தான் பட்டியலில் இரண்டு குடும்பமாக, இரண்டு வீட்டுக்குப் பெயர் வந்திருந்தது. ஏன் தனித்தனியாகச் சமைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். அக்கா காலிச் சாயா தம்ளர்களை எடுத்து அடுக்கினார். பிறகு சிரித்துக்கொண்டே, “ரெண்டு கார்டு இருந்தா நல்லதுதானே மோளே” என்றார்.

மாமியார் மருமகள் உரசல், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை. சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

ஒரு வருடம் கழித்துச் சிறு புத்தகம் வந்தது. யாரிடம் தகவல் வாங்கினோமோ அவர்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. பாராட்ட வேண்டிய கொள்கைதான். அச்சுக்குப் போகுமுன் தமிழில் மொழிபெயர்க்க என்னிடம் தந்தாள். ஸ்ட்ராட்டஜி என்ற சொல் வந்தது. மலையாளப் பத்திரிகையைத் திறந்தால் தேர்தல் தந்திரம், கால்பந்து பயிற்சியாளரின் தந்திரம், கம்பெனியின் வியாபார தந்திரம் என்று தினமும் பார்க்கிறேன். அது அங்கே மதிப்பான சொல். தமிழிலும் அதே சொல், அதே ஒலி. தந்திரம் என்று எழுதினேன். உத்தி என்று ஒரு சொல் தமிழில் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை. தெரியாத வேலைக்கு ஏன் கை நீட்டினாய் என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் உள்ள சங்கக் கட்டடத்தில் புத்தகத்தைப் படித்துக்காட்டக் கூட்டம். நாகர்கோவிலிலிருந்து புதிதாக வந்து ஓட்டலில் வேலை செய்யும் ஒருவர்தான் எங்களில் தமிழைத் தடங்கலில்லாமல் படிப்பவர். அவரைப் படிக்கச் சொன்னார்கள். அவர் உரக்கப் படித்தார்: “ரேஷன் கார்டைப் பிரித்து இரண்டு குடும்பமாகக் காட்டுவது, மாவு விற்கும் ஒரு பெண்மணி கையாளும் முக்கியமான தந்திரம்.”

பெயர் இல்லை. தேவையும் இல்லை, எங்கள் சந்தில் மாவு விற்பது ஒருவர்தான். படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தந்திரம் என்றால் தமிழில் ஏமாற்று வேலை. குழந்தைகள் கதையில் நரி செய்வது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

பட்டியலில் பெயர் வராத யாரோ அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள். யார் என்று தேட நான் விரும்பவில்லை. ஆயுதம் செய்து கொடுத்தது நான். இரண்டே வாரத்தில் நோட்டீஸ் வந்தது. பொய்யாகக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டியதாகப் புகார், இரு தரப்பும் விசாரணைக்கு வர வேண்டும், தவறினால் இரண்டு பெயரும் நீக்கப்படும்.

நான் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “நீயும் கூட வா. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

விசாரணை நாளன்று பள்ளுருத்தியில் நான் வேலை செய்யும் கடையிலிருந்து போய்ச் சேரும்போது மூவரும் வந்திருந்தார்கள். அக்கா பெஞ்சின் ஒரு முனையில், மருமகள் மறுமுனையில். நடுவில் மகன், யார் பக்கமும் திரும்பாமல். அதிகாரி அந்தப் பக்கத்தைக் கோப்பில் வைத்திருந்தார், ஓரத்தில் யாரோ மலையாளத்தில் அர்த்தம் எழுதியிருந்தார்கள். நான் முந்திக்கொண்டு பேசினேன். இது என் பிழை, சார், அந்தப் பெண் எழுதிய சொல்லுக்கு ஏமாற்று என்று பொருள் இல்லை, திட்டமிட்டு நடப்பது என்றுதான் பொருள் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார்: திட்டமிட்டு என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியென்றால் வீடு கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டுத்தானே பிரிந்தார்கள்?

சொல்லைத் திருத்தினால் போதும் என்று நினைத்துப் போயிருந்தேன். திருத்திய சொல்லும் அவர்களைக் குற்றவாளிகளாகத்தான் நிறுத்தியது. காயல் ஓரத்தில் கட்டிய அடுக்குமாடியை விலை ஏறட்டும் என்று பூட்டிப் போடுகிறவருக்கு அதே சொல் பட்டுச் சால்வை போர்த்துகிறது. அக்காவின் இரண்டு அடுப்புக்கு அது விசாரணை வைக்கிறது.

தனித்தனியாகச் சமைப்பது உண்மையா என்று அவர் மருமகளிடம் கேட்டார். உண்மை என்றாள். ஏன் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அப்போது அக்கா பேசினார். கடையில் மலையாளத்தில் சமாளித்துவிடுகிறவர், அன்று தமிழில்தான் பேசினார். என்னைப் பார்த்து, “நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார்.

மொழிபெயர்க்கிறவள் ‘அவர் சொல்கிறார்’ என்று பேசக் கூடாது. சொல்கிறவராகவே பேச வேண்டும். இத்தனை வருடமும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அன்றும் பேசினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. மருமகளுக்கு ஏழு மாதம். அன்று மாவு அள்ளும்போது தரையில் சிந்தியது. வாசலில் வாங்க ஆள் நின்றது. கொடுத்துவிட்டு வந்து துடைக்கலாம் என்று நான் போனேன். நான் தரையைத் துடைக்கவில்லை. இவள் தண்ணீர் எடுக்க வந்தாள். விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. பெண் பிள்ளை. அதிலிருந்து இவள் என் கையால் எதுவும் சாப்பிடுவதில்லை. இட்லி, தோசை எதுவும் தொடுவதில்லை. நான் இவளைக் குறை சொல்லவில்லை. பின்னறையில் அடுப்பு போட்டுக் கொடுத்தது நான்தான்.

இத்தனையும் நான் ‘நான், நான்’ என்று மலையாளத்தில் சொன்னேன். அந்தக் குழந்தை போனது எனக்குத் தெரியும், எப்படிப் போனது என்பது தெரியாது. மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அதிகாரி மருமகளைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். குடும்பப் பிணக்கு காரணமாகத் தனிச் சமையல், உண்மை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். இரண்டு பெயரும் பட்டியலில் நின்றன.

செய்தி கேட்டு ஆராய்ச்சிப் பெண் போன் செய்தாள். அழுதாள், உண்மையாகவே அழுதாள். புத்தகத்தைத் திரும்ப அச்சடிப்பதாகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது இன்னும் ஆழமான விஷயம். துக்கத்தச் சமாளிக்கிற ஸ்ட்ராட்டஜின்னு மாத்தி எழுதிடறேன். அதுக்குத் தமிழ்ல சரியான சொல் என்ன?” என்று கேட்டாள்.

என் வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு கத்தியதில்லை. உன் வீட்டில் ஒரு பிள்ளை செத்தால் அடுத்த நாள் நீ சாப்பிடாமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேட்டேன். பதில் கேட்காமல் போனை வைத்தேன்.

புதிய புத்தகத்தில் அந்த வரி இல்லை. காரணம் எதுவும் சொல்லாமல், இரண்டு குடும்பம், இரண்டு அடுப்பு என்று மட்டும் இருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று எனக்குத் திருப்தி. அக்காவிடம் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டி, தப்பாக எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

“நான் தரையத் தொடைக்கலன்னு இதுல இருக்கா?”

“இல்லக்கா. அதெல்லாம் போடல.”

பின்னறைப் பக்கம் பார்த்துவிட்டு, புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அதப் போட்டிருக்கலாம்” என்றார்.