மேண்டலின் பொன்னையா சம்சாரம்

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பழைய தொரை பங்களா இப்போது ஹோட்டல். தனலெட்சுமிக்கு அங்கே கூட்டித் துடைக்கிற வேலை. காலையில் வந்ததும் முதலில் வாசல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பாள். உள்ளே இருப்பது அவள் புருஷனின் மேண்டலின்.

புருஷன் பொன்னையா தேயிலை ஃபெக்டரியில் இலை அரைக்கிற மெஷினில் நின்றவர். இரைச்சலில் காது அடைத்துப்போய் வருவார். குளித்துவிட்டு மேண்டலினை மடியில் வைத்தால்தான் மனிதராவார். உடைந்த சீப்பில் வெட்டிய சில்லால் கம்பியைத் தட்டுவார். மாரியம்மன் திருவிழாவோ கல்யாண வீடோ, "மேண்டலின் பொன்னையாவக் கூப்புடு" என்பார்கள். மேண்டலின் எந்த ஊர்ச் சொல் என்று தொழிலாளர்கள் குடியிருக்கிற அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் கேட்டதில்லை. அங்கே மேண்டலின் என்றால் பொன்னையா என்றுதான் அர்த்தம். தனலெட்சுமிக்கே 'மேண்டலின் பொன்னையா சம்சாரம்' என்றுதான் பெயர்.

அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த மறு வருஷம் ஹோட்டல் மெனேஜர் கஜேந்திரன் லயத்துக்கு வந்தார். கூடத்தில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். மேண்டலினைக் கேட்டார்.

"பலகையில பேரு எழுதி வைப்போம் அக்கா. அண்ணன் பேரு நெலச்சு நிக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கொடுத்தாள். தோட்டத்தில் உழைத்துச் செத்தவன் எவன் பேர் எந்தப் பலகையில் இருக்கிறது? இவர் பேராவது இருக்கட்டும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

பலகை வந்தது. சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுத்து. மேண்டலின் இத்தாலி நாட்டுச் சொல்லாம். அதன் குடம் பாதாம் பருப்பு மாதிரி இருப்பதால், அந்தப் பருப்புக்கு அங்கே சொல்கிற பெயரிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்களாம். இல்லையில்லை, பண்டூரா என்ற ஆதிகாலத்து வாத்தியத்தின் பெயர்தான் திரிந்து இப்படி ஆனது என்று வேறு சிலராம். அடேயப்பா, ஒரு சொல்லுக்கு எத்தனை தலைமுறை விசாரித்திருக்கிறார்கள். கடைசி வரி: 'இங்கு வாழ்ந்த ஆங்கிலேயத் துரை வாசித்தது.'

தனலெட்சுமி மூன்று தரம் படித்தாள். நேரே கஜேந்திரனிடம் போனாள்.

"சேர், இவரு பேரு இல்லையே."

"வர்றவங்க தொரை காலத்துச் சாமான்னுதான் ஆசையா பாக்குறாங்க அக்கா. ஃபெக்டரியில வேல செஞ்ச ஆளோடதுன்னு போட்டா யாரு நின்னு பாப்பா?"

"அப்ப திருப்பிக் குடுத்துருங்க."

"அது ஹோட்டல் சாமான் லிஸ்ட்டுல ஏறிருச்சு. உங்களுக்கும் வேல வேணும்ல?"

கஜேந்திரனும் லயத்தில் பிறந்தவர்தான். பொன்னையா வாசிக்க, திருவிழாவில் முன்னால் நின்று ஆடியவர்தான். அதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது? வேலை வேண்டும். தனலெட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. தனலெட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேண்டலினைக் காட்டினாள்.

"மை ஹஸ்பண்ட்," என்றாள். நெஞ்சைத் தொட்டு இன்னொரு முறையும் சொன்னாள். "மை ஹஸ்பண்ட். பொன்னையா."

அந்தம்மா மேண்டலினைப் பார்த்தாள். பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு தனலெட்சுமியைப் பார்த்து அன்பாகச் சிரித்து, ஃபோட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில் என்று கையைக் காட்டினாள்.

தனலெட்சுமி தள்ளி நின்றாள். அந்தம்மா போன பிறகு, கண்ணாடியில் பட்டிருந்த விரல் அடையாளத்தைத் துடைத்தாள்.