வெறுங்காலுக்குச் சத்தம் உண்டு

எண்பதுகளின் தொடக்கம். பகலில் ஓர் ஆபீசில் டைப் அடிப்பேன். மற்ற நேரமெல்லாம் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவேன். கரும்புச்சாறு மிஷினின் மணி, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் மேல் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றுகிறவர்களின் வசவு, கோபுரத்துப் புறாக்கள் ஒரே மூச்சில் எழும்பும் படபடப்பு, எதையும் விட்டதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பொட்டியைத்தான் காட்டப்போகிறாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஊரில் சாமி கும்பிட்டு மலை சுற்றுவதைப் பற்றி ஒலிச்சித்திரம் ஒன்று செய்து பட்டணத்து வானொலி நிலையத்துக்கு எடுத்துப் போனேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அரோகரா கோஷம், சாமியார்களின் பேச்சு, மாட்டுவண்டிச் சத்தம் என்று கிடைத்ததையெல்லாம் அதில் அடைத்திருந்தேன். தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். யாருமே நடக்கவில்லையே, எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

உண்மைதான். நான் மைக்கை வாய்களுக்குப் பக்கத்திலேயே பிடித்திருந்தேன். மலை சுற்றுகிற ஊரில் பிறந்தும் கால்களை மறந்துபோயிருந்தேன்.

அவர் விதவிதமான சத்தங்கள் பதிந்த இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். டக், டக், டக். தோல் செருப்பு சீராக நடந்தது. இதைச் சேர்த்துவிட்டால் போதும், வருகிற பௌர்ணமிக்கே ஒலிபரப்பிவிடலாம் என்றார்.

"சார், மலை சுத்தறவங்க செருப்பு போட மாட்டாங்க."

"ரேடியோல கால் தெரியாதும்மா."

"கேக்குமே, சார்."

சிரித்துவிட்டார். பௌர்ணமிக்கு முன்னால் வெறுங்கால் சத்தம் கொண்டுவந்தால் அது, இல்லையென்றால் செருப்புதான் என்று முடித்தார். என் முதல் ஒலிபரப்பு. என் ஊர் செருப்புப் போட்டுக்கொண்டு அண்ணாமலையாரைச் சுற்றப்போகிறது. பஸ்ஸில் திரும்பும்போது ஏறி இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே ஒரு குச்சியின் நுனியில் மைக்கைக் கட்டி, தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு கூனியபடி கிளம்பினேன். எதிரே வந்த ஒருவர், கம்மல் கிம்மல் விழுந்துவிட்டதா என்று என்னோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார். நானே நடந்தால் பெட்டியின் வார் கிறீச்சிட்டது, என் மூச்சே இரைந்தது. நடக்க வேறு ஆள் வேண்டும். அம்மாவைக் கெஞ்சினேன். புலம்பிக்கொண்டே வந்தாள். கிளம்ப உச்சி வெயிலாகிவிட்டது.

அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். புளியமரத்து நிழலில் அம்மாவின் கால் சாவகாசமாக மண்ணை அரைத்தது. நிழல் தீர்ந்து தார் ரோடு வந்ததும் தத்தத்தத்தென்று ஓட்டம், நடுவில் "ஸ்ஸ்... ஸ்ஸ்". அடுத்த நிழலில் மறுபடி மெதுவாக. ஹெட்போனுக்குள் வெயில் கேட்டது, நிழல் கேட்டது. பாதிச் சுற்றில் இருக்கிற அடி அண்ணாமலை வரைக்கும் அவளை விடவில்லை. என்னைப் பெத்ததுக்கு இது தேவைதான் என்று அவள் முணுமுணுத்ததும் நாடாவில் இருக்கிறது. வெட்டவில்லை.

நிலையத்தில் பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டினேன். பேச்சைப் பாதிக்கு மேல் தூக்கி எறிந்தேன். வெயில் என்று ஒரு சொல் எங்கும் வைக்கவில்லை. தயாரிப்பாளர் இந்த முறையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அந்தச் செருப்பு இசைத்தட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். எனக்கு அது போதும்.

பௌர்ணமி சாயங்காலம் அம்மாவும் நானும் மலை சுற்றப் போனோம். அடி அண்ணாமலை டீக்கடை ரேடியோவில் அது வந்துகொண்டிருந்தது. நான் ஓரமாக நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நிழல். தார் ரோடு. நிழல். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "யாரோ பாவம், உச்சி வெயில்ல நடக்குது. கால் ஜாஸ்தி வெந்திருக்கும்" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க அது" என்று பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். "இந்தக் காலுதான். சத்தத்தப் புடிச்சது எம் பொண்ணு."