துருசடியில் எழுதிய திகதி

எங்கள் பக்கத்தில் ஒரு விவாதத்தை முடித்துவைக்க ஒரு கேள்வி போதும்: "நீங்கள் அப்ப எங்க இருந்தனீங்கள்?" நெல்லுக்கு உத்தரவாத விலை எவ்வளவாக இருக்கவேண்டும், வெளிநாட்டு அரிசியை இறக்கலாமா, எந்தக் கட்சி எதைச் செய்தது என்று சந்தியில் எந்தக் கதை தொடங்கினாலும், கடைசியில் யாராவது இதைக் கேட்பார். கேட்கப்பட்டவர் அந்தக் காலத்தில் கொழும்பிலோ கனடாவிலோ இருந்திருந்தால் அவருடைய நியாயம் அத்தோடு படுத்துவிடும். அவர் சொன்னது சரியா பிழையா என்று பிறகு ஒருவரும் பார்ப்பதில்லை.

வாதத்தை விட்டு ஆளைப் பிடிக்கும் பிழை என்று புத்தகங்கள் இதைச் சொல்லும். எனக்கு அது முழுச் சம்மதம் இல்லை. போரில் எல்லோரும் இடம்பெயர்ந்து, காணிப் பத்திரத்தையும் பிறப்புப் பதிவையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த ஊர் இது. நேரில் கண்டவரின் சொல்லைவிட வேறு சான்று இங்கே நெடுங்காலம் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியில் நான் ஒருபோதும் தோற்றதில்லை. நான் ஊரோடு போய் ஊரோடு திரும்பியவன், எழுதியும் வைத்தேன். மீளக் குடியேறிய கிழமையில் வாங்கிய முதல் கொப்பியிலிருந்து இன்றைய கொப்பி வரை மழை பெய்த நாள், குளத்தின் நீர்மட்டம், வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசு திறந்த நாள், பூட்டிய நாள் எல்லாம் இருக்கின்றன. விவசாயிகள் கூடும் கமக்கார அமைப்பின் கூட்டங்களில் இருவர் முரண்பட்டால், "கொப்பிக்கார அண்ணையைக் கேளுங்கோ" என்பார்கள். நான் வாசிப்பேன். பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்படித் தீராத ஒரு கூட்டம், மாரி மழை பொய்த்த ஒரு வருடத்தில், பங்குனிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை நடந்தது. ஒன்பதரைக்கு என்று அறிவித்துப் பத்தே காலுக்குத் தொடங்கினார்கள். குளம் பாதிக்குச் சற்று மேலே நின்றது. மாரியில் வரும் பெரும்போகத்தில் எல்லா வயலையும் விதைக்கலாம். கோடையில் வரும் சிறுபோகத்தில் குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீருக்குத் தக்க அளவுதான். யாருக்கு எவ்வளவு என்பதைக் கூடிப் பேசி, கையுயர்த்தித் தீர்மானிப்போம்.

அமைப்பின் தலைவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். துருசுக்கு ஆகத் தொலைவில் உள்ள கடைசி வாய்க்காலை இந்தமுறை தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடுவது. விட்டால் மற்ற வாய்க்கால்களில் காணிக்கு ஒரு ஏக்கர் விதைக்கலாம். விடாவிட்டால் எல்லோருக்கும் முக்கால் ஏக்கர். என் காணி துருசுக்குக் கிட்ட, மேல் வாய்க்காலில் இருக்கிறது.

"போன சிறுபோகம் நடந்தது தெரியும்தானே," என்றார் தலைவர். "கடைசி வாய்க்கால்காரர் தந்த நாளுக்குள்ளை விதைக்காமல், பூட்டின பிறகு வந்து இன்னும் தண்ணி தாங்கோ எண்டு நிக்கிறது. தண்ணி இவைக்காகக் காத்துக்கொண்டு இருக்குமோ? அண்ணை, கொப்பியை வாசியுங்கோ."

வாசித்தேன். எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில் திறந்து ஒரே நாளில் பூட்டியிருந்தது. எவருக்கும் ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உறுதியான வாதம் என்று நினைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கடைசி வாய்க்காலில் இரண்டு ஏக்கர் காணி வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுந்தார். பெரும்போகத்தில் அவருடைய வயலில் பாதி பதராகிப் போயிருந்தது. சிறுபோகமும் இல்லையென்றால் அடுத்த மாசி வரை அவர் வீட்டில் நெல் இல்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

"அண்ணை, இந்தத் திகதியை எங்க நிண்டு எழுதினனீங்கள்?"

"துருசடியிலை. திறக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான்," என்றேன்.

"அப்ப என்ரை வரம்பிலை ஆர் நிண்டது?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "பிள்ளை, தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும். திறந்தால் வரும்தானே."

"வரும் தலைவர். வழியிலை இருக்கிற மணல்மூட்டை எல்லாத்தையும் கும்பிட்டுப்போட்டு ஆறுதலா வரும்."

இப்போது மண்டபம் முழுவதும் சிரித்தது, மேல் வாய்க்கால்காரரான எங்கள் வரிசையைத் தவிர. வாய்க்காலில் மூட்டை போட்டுத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பாதவர் மேல் வாய்க்காலில் யார் என்று கேட்டால், கை தூக்க ஆள் இருந்திருக்காது.

"சாட்சி இருக்கோ?" என்றார் தலைவர். "எழுதினது ஏதும்?"

"கண்டது இருக்கு."

"கண்டதெண்டு ஆரும் சொல்லலாம். இஞ்சை எழுத்திலை இருக்கு."

எனக்கு அது சுருக்கென்றது. அந்த மண்டபத்தில் நேரில் கண்டவரின் வாயை அடைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. அதையும் என் கொப்பியைக் காட்டியே அடைத்திருந்தார்கள்.

பக்கத்தைத் திருப்பினேன். துருசு திறந்த மறுநாள் காலை என் வயலுக்குத் தண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தேன். எனக்கு வந்ததை எல்லோருக்கும் வந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி வாய்க்காலுக்கு வந்த நாளைத் தேடினேன், இல்லை. வீட்டு விடயங்களைக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதுவது என் வழக்கம். கூட்டத்தில் அந்தப் பக்கங்களை ஒருநாளும் திறந்ததில்லை. அன்று திறந்தேன். துருசு திறந்து நாலாம் நாள், பின்னேரம்: "முருங்கைத் தடி இரண்டு வெட்டிவந்தேன். குறுக்கு வழி. கடைசி வாய்க்காலுக்குள் இறங்கி சைக்கிளை உருட்டிக் கடந்தேன். செருப்பெல்லாம் புழுதி."

தலைவர், "சரி, கையை உயர்த்துவம்," என்றார். கால் ஏக்கர் என்றால் எத்தனை மூட்டை நெல் என்று எனக்கு மனக்கணக்காகத் தெரியும். கணக்கு முடியுமுன் எழுந்துவிட்டேன்.

"பொறுங்கோ. கொப்பியிலை இன்னொண்டு கிடக்கு."

வாசித்து முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "வாய்க்காலுக்கை சைக்கிள் விட்டதுக்கு அண்ணை அமைப்புக்குத் தண்டம் கட்டவேணும்!"

"முருங்கையாவது தழைச்சுதோ?" என்றார் வேறொருவர்.

"தழைச்சது," என்றேன்.

தலைவர் சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் எங்கட வாய்க்கால்காரர் எல்லோ?"

"ஓம். அதுதான் நானே வாசிக்கிறன்."

"ஒரு நாள் புழுதியை வைச்சு ஒரு வாய்க்காலை அளக்கேலுமோ? அண்டைக்கு மேலை எங்கையும் உடைஞ்சிருக்கலாம். திருத்தப் பூட்டியிருக்கலாம்."

நல்ல கேள்வி. அவர் கேட்டிராவிட்டால் நான் கேட்டிருப்பேன். நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த உத்தியோகத்தர் தன் பதிவேட்டைப் புரட்டினார். அந்தக் கிழமை உடைப்பும் இல்லை, திருத்த வேலையும் இல்லை.

"நாலாம் நாள் இல்லை," என்றார் அந்தப் பெண்மணி. "எனக்கு வந்தது ஏழாம் நாள் விடிய."

"அது என்ரை கொப்பியிலை இல்லை. நாலாம் நாள் வரேல்லை எண்டு மட்டும்தான் நான் சொல்லுவன்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, "அது போதும்," என்று கதிரையில் அமர்ந்துவிட்டார்.

கடைசி வாய்க்காலையும் சேர்ப்பது, அவர்களுடைய நாட்களை அங்கே தண்ணீர் போய்ச் சேரும் நாளிலிருந்து எண்ணுவது என்று புதிய யோசனை வந்தது. கைகளை இரண்டு தரம் எண்ணினார்கள். இரண்டு தரமும் மூன்று கை வித்தியாசத்தில் அது நிறைவேறியது. மேல் வாய்க்காலில் என்னைத் தவிர ஒருவர் உயர்த்தினார். மற்றவர்கள் என்னோடு வைகாசி வரை சரியாகக் கதைக்கவில்லை.

வெளியே சைக்கிளை எடுக்கும்போது அந்தப் பெண்மணி வந்தார்.

"கால் ஏக்கர் போயிட்டுதெண்டு வீட்டிலை பேச்சு விழுமோ அண்ணை?"

"விழும்."

"இந்தமுறை நான் எழுதப்போறன். தண்ணி வந்த நாள், நேரம், எல்லாம்."

"எழுதுங்கோ. ஆனா அடுத்த கூட்டத்திலை நான் கேள்வி கேப்பன்."

"கேளுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

மேல் வாய்க்கால்களைப் பூட்டிய பிறகும் கடைசி வாய்க்கால் சில நாள் திறந்திருந்தது. அவருடைய முக்கால் ஏக்கர் நெல்லும் ஆவணியில் வெட்டப்பட்டது. புரட்டாதிக் கூட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நான் சொன்னபடி மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குத் திகதியும் நேரமும் பக்கத்தில் நின்றவர் யார் என்பதும் வாசித்தார். பூட்டுகிறபோது வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது மூன்றாவது. கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தெரியாது. எழுதேல்லை," என்றார்.

அந்த மண்டபத்தில் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் எழுந்து நின்று தெரியாது என்று சொன்னது அன்றுதான். தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார். அந்தப் பெண்மணி வாசித்த இரண்டு பதில்களையும் ஒருவரும் மறுக்கவில்லை.