ஏழாம் மாடிக்குச் சொந்தக்காரர்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு நகரத்தின் நட்டநடுவில் ஒரு பூங்கா சொந்தம். பத்திரம், பட்டா எதுவும் கிடையாது. அவராகவே மனசுக்குள் பட்டா போட்டுக்கொண்டதுதான்.

அது ஒரு கம்பெனிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தது. கூடுதலாக மாடி கட்ட அனுமதி கேட்டபோது, ஒரு மாடி முழுக்கத் தோட்டம் போட்டு ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று மாநகராட்சி நிபந்தனை விதித்தது. கம்பெனியும் போட்டது. புல்தரை, மூங்கில், நிழல், பெஞ்சு எல்லாம் உண்டு. வழியை மட்டும் குப்பைத்தொட்டிகள் நிற்கிற பின்சந்தில் வைத்தது. அங்கே சாமான் ஏற்றுகிற ஒரு லிஃப்ட். அதன் ஏழாம் பொத்தானுக்குப் பக்கத்தில் 'பொதுப் பூங்கா' என்று கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். கம்பெனி ஊருக்குச் சொன்ன சேதி அவ்வளவுதான்.

அந்த லிஃப்டையும் பழுது பார்த்துவந்த நம் ஆள், அந்த ஸ்டிக்கரையும் ஓய்வு பெற்ற அன்று ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கம்பெனியின் கஞ்சத்தனமே அவருக்குத் தாராளமாகத் தெரிந்தது.

அப்புறம் சாயங்காலம் தவறாமல் மேலே போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெஞ்சில் காலை நீட்டிக்கொள்வார். தப்பித்தவறி யாராவது வந்துவிட்டால் பழைய காக்கிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போவார். செடிக்கு மருந்து அடித்திருக்கிறது, இறங்குங்கள் என்பார். சாப்பாட்டு டப்பாவோடு வந்த நர்ஸ், பேச இடம் தேடி வந்த ஜோடி, கைக்குழந்தையைத் தூங்கவைக்க வந்த தாய் எல்லோரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். வேலையில் இருந்தவரை ஒரு சூப்பர்வைசர்கூட மதிக்காத ஆளுக்கு அந்த மன்னிப்புகள் இனித்தன. ஜனங்களை விட்டால் குப்பை போட்டே நாறடித்துவிடுவார்கள் என்று முனகுவார். கையிலிருந்த வேர்க்கடலைத் தோலை மூங்கிலுக்குள் எறிந்துகொண்டேதான் முனகுவார்.

வீட்டில் மனைவி. ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துத் திறக்கும். பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளை மெத்தென்ற புல்லில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்த ஊரில் புல்லுக்கு எங்கே போவது என்று அவள் கேட்டாள். அதானே, எங்கே போவது என்று அவரும் சேர்ந்து கேட்டார். அவளைக் கூட்டிப்போனால் அவள் தங்கச்சி வருவாள், தங்கச்சியோடு பிள்ளைகள் வரும், தோட்டம் சந்தைக்கடையாகிவிடும். வராந்தாவில் நடக்கச் சொல்லிவிட்டு, யூனியன் ஆபீசுக்கு என்று கிளம்பிவிட்டார். இப்படியும் ஒரு புருஷன்.

ஒரு நாள் கைப்பையோடு ஒரு பெண் வந்து அவருடைய பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அவருக்கு வயிறு எரிந்தது. வழக்கம்போல மருந்துக் கதையைச் சொன்னார். அவள் அசையவில்லை.

“மத்த நாள்ல ஜனங்க வருவாங்களா?” என்று கேட்டாள்.

ஆசை காட்டினால் மறுபடி வந்துவிடுவாளே என்று பயம் அவருக்கு. “யாரும்மா வர்றா? ஒரு ஈ காக்கா வராது. நான் வருஷக்கணக்கா பாக்குறேனே.”

அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வென்றுவிட்ட மிதப்பில் அன்றைக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஏழாம் பொத்தான் வேலை செய்யவில்லை. மெக்கானிக் அல்லவா, தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார். வாட்ச்மேன் வந்து விஷயத்தைச் சொன்னான். யாருமே வராத தோட்டம் எதற்கு, எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கம்பெனி கேட்டிருந்ததாம். மாநகராட்சி ஆள் அனுப்பி விசாரித்து, சரி என்றுவிட்டதாம். அங்கே இனி ஆபீசர்கள் சாப்பிடும் ஹால் வரப்போகிறது.

தலைதெறிக்க மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே பெண். தான் கம்பெனி ஆளே இல்லை, அன்றாடம் அங்கே வந்துபோகிற பொதுஜனம் என்று அசடு வழியச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க பேச்சை இனிமே எப்படிங்க நம்புறது? அங்க வந்துபோன வேற ஒருத்தராவது நேர்ல வந்து சொல்லட்டும். மறுபடி பாக்கலாம்.”

வேறு ஒருத்தர். விரட்டிய முகம் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஒருவருடைய பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அப்போதுதான் ஐயாவுக்குக் கட்டின மனைவி ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக அவளுக்குப் பூங்காவைப் பற்றிச் சொன்னார். மூங்கிலைச் சொன்னார், காற்றைச் சொன்னார். தினமும் அவரோடு அங்கே நடந்ததாக வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவள் ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

“புல்லு மெத்துன்னு இருக்குமா?”

“வெறுங்காலோட நடந்தா அவ்வளவு சுகம்,” என்றார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். தலையைக் கோதி முடிந்துகொண்டாள்.

“வாங்க, போலாம். என்னை ஒரு நாளும் அங்க கூட்டிட்டுப் போனதில்லன்னு சொல்றேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். அவர்தான் எழுந்திருக்கவில்லை.