மேல்வாயில் நின்ற முட்டை

பல் ஸ்கேன் மையத்தில் அவளுக்கு 'அசையாதே அக்கா' என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்த வார்த்தையைச் சொல்பவளுக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்?

"தாடையை இதுல வைங்க. இந்தக் குச்சியைக் கடிங்க. அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. வீட்டுக்காரரை நினைக்காதீங்க."

கடைசி வாக்கியத்துக்கு எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். சிரித்து ஓய்ந்த முகம் பதினைந்து விநாடி கல்லாக நிற்கும் என்பது அவளுடைய பதினோரு வருடக் கண்டுபிடிப்பு. பிறகு கனத்த கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்துவாள். இயந்திரத்தின் கை, தொலைத்த எதையோ தேடுவதுபோல அந்தத் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

ஊரையே அசையாமல் நிறுத்துகிறவளால் தான் மட்டும் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் நாற்காலி சுற்றும். "உன்னை ஸ்கேன் எடுத்தா படம் விழாது, புகைதான் விழும்" என்பார் அவளுடைய அண்ணன்.

அந்த அண்ணனின் மகளைத்தான் போன வாரம் பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். வயது பத்தொன்பது. முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதாலும், காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி ஓடுவதாலும் வீட்டில் அவளுக்கு 'முயல்' என்று பெயர். பத்து வாரத்தில் பெரிய ஓட்டப்பந்தயக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருடமாக அதற்காகத்தான் விடியும்முன் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறாள்.

கம்பி டாக்டர் விளக்கமாகச் சொன்னார். "மேல்வாய் ரொம்பக் குறுகல்மா. அது ஒரே எலும்பு இல்ல, ரெண்டு பாதி. நடுவுல ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு பூட்டிக்காம இருந்தா, திருகு வெச்ச கருவி ஒண்ணை மாட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமா திருகியே அகலமாக்கிடலாம். பூட்டிக்கிச்சுன்னா அறுவை சிகிச்சைதான்."

"பத்தொன்பது வயசுல பூட்டியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் அண்ணி.

"வயசை வெச்சு சொல்ல முடியாது. சிலருக்குப் பதினாலுலயே பூட்டிடும், சிலருக்கு இருபது தாண்டியும் திறந்திருக்கும். எலும்பைத்தான் கேக்கணும்."

எலும்பைக் கேட்டது முயலின் அத்தையான 'அசையாதே அக்கா'தான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணிடம், காத்திருந்த நோயாளிகளிடம், தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம்கூட "எங்க அண்ணன் பொண்ணு, ஓட்டக்காரி" என்று அறிமுகப்படுத்தினாள். படம் பிசிறில்லாமல் விழுந்தது. எல்லாருக்கும் போடுகிற மாதிரியே கணினியில் மேல்வாய்க்கு நேராகக் குறுக்கே, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல, ஒரு வெட்டுப் போட்டு, அந்தப் படத்தை எடுத்து மாடியில் அறிக்கை எழுதும் டாக்டருக்கு அனுப்பினாள்.

மேல்வாயின் அந்த நடுக்கோடு பூட்டிக்கொள்வதில் ஐந்து கட்டம். முதலில் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு. அப்புறம் நெளிக்கோடு. மூன்றாவதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நெளிக்கோடுகள். நான்காவதில் பின்பாதி காணாமல் போகும். ஐந்தில் எல்லாமே மறைந்துவிடும். மாடியிலிருந்து வந்த அறிக்கை சொன்னது: நான்காம் கட்டம், பின்பாதி பூட்டிவிட்டது.

அறுவை சிகிச்சை, அதன்பின் மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார் கம்பி டாக்டர்.

"அத்தை, நான் ஓடுறது காலாலயா வாயாலயா?" என்று கேட்டாள் முயல். அதற்கப்புறம் இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் அத்தை அண்ணன் வீட்டில் நுழைந்தாள். சாப்பாட்டு மேசையில் முயலின் மேல்வாய் அச்சு, வெள்ளைச் சுண்ணத்தில் வார்த்தது, குப்புறக் கிடந்தது. பக்கத்தில் அவித்த முட்டைகள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி அமைதி. அண்ணனுக்கு அமைதி என்றாலே ஆகாது. அச்சைத் திருப்பிப் போட்டார். ஒரு முட்டையை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அதன் பள்ளத்துக்குள் வைத்தார். முட்டை சட்டமாக நின்றது.

"பாரேன்! கோழிகூட இவ்வளவு பத்திரமா வெச்சிருக்காது."

"பொண்ணு அழுதழுது கண்ணு வீங்கிக் கிடக்கா, உங்களுக்கு விளையாட்டு கேக்குது!" என்று சீறினாள் அண்ணி. ஆனால் முதலில் 'களுக்'கென்று சிரித்தது முயல்தான். அப்புறம் அண்ணியும்.

சிரிக்காதவள் அத்தை ஒருத்தி. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் கால் ஆடாமல் நின்றது.

"அண்ணே, மறுபடி வை."

வைத்தார். நின்றது.

"இது மேல்வாயா, கோபுரமா? இவ்வளவு வளைஞ்சதுக்குள்ள நான் நேர் வெட்டு போட்டிருக்கேன்!"

"என்னடி சொல்ற?" என்றார் அண்ணன்.

"அந்த வெட்டு முன்னால எலும்பு நடுவுல போயிருக்கும். பின்னால எலும்பு வளைஞ்சு ஏறிடுச்சு, வெட்டு ஏறலை. விளிம்பை உரசிட்டுப் போயிருக்கும். கோடு இல்லாத இடத்துல தேடிட்டு, கோடு இல்லன்னு எழுதி அனுப்பியிருக்கோம்!"

செருப்பில் ஒன்றைத்தான் ஒழுங்காக மாட்டினாள். அச்சை ஒரு கையிலும் முட்டையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். அந்தக் குடும்பத்தில் ஓட்டம் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத் தெருவுக்கே தெரிந்தது.

மையத்தின் அலமாரியில் வெவ்வேறு வாய்களின் அச்சுகள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் முட்டையை வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் உருண்டது.

"அக்கா, வெளிய ஏழு பேர் உக்காந்திருக்காங்க. நீ முட்டைக்குப் பல் கட்டிட்டு இருக்க" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"சும்மா இருடி, கோர்ட்டு நடக்குது."

முயலை மறுபடி இயந்திரத்தில் நிறுத்தத் தேவையில்லை. எடுத்த ஸ்கேன் முழுசாகக் கணினியில் இருந்தது. தேவையில்லாமல் ஒரு தலைக்கு இன்னொரு சுற்று கதிர் வீசுவது அவளுக்கு அறவே பிடிக்காது. வெட்டை மட்டும் மாற்றினாள். முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்குச் சாய்த்து இன்னொன்று, எலும்பு வளைந்த வழியிலேயே. திரையின் சாம்பல் வானத்தில் மெல்ல எழுந்தன இரண்டு நெளிக்கோடுகள். சண்டை போட்டுக்கொண்டும் கையை விடாமல் நடக்கும் அக்கா தங்கைகள் மாதிரி, பின்கோடிவரைக்கும்.

மாடிப்படியில் ஏறும்போதுதான் பயம் வந்தது. பதினோரு வருடத்தில், அறிக்கை தவறு என்று சொல்ல அவள் ஒருநாளும் ஏறியதில்லை. அதிலும் தன் தவறு. மறைத்தால் யாருக்கும் தெரியாது. முயல் மட்டும் ஓடாமல் நிற்பாள். கதவைத் தட்டினாள்.

மாடி டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பழைய படத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அச்சில் நின்ற முட்டையைப் பார்த்தார்.

"அந்த நேர் வெட்டு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"அதை நம்பிப் படிச்சது யாரு?"

"நீங்க சார்."

"ஸ்கேனைத் திறந்து பாக்காம படத்தை மட்டும் பாத்தேனே, என்னைச் சொல்லணும். முட்டைக்கு இருக்கிற புத்தி நம்ம ரெண்டு பேருக்கும் இல்ல." பழைய அறிக்கையைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். "மூணாம் கட்டம். கருவி போட்டுப் பாக்கலாம். பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா கத்திக்கு அவசரம் இல்ல. பலிச்சா முன்பல்லு ரெண்டும் விலகும், பாத்துக்கோ." பிறகு முட்டையை எடுத்து மேசையில் தட்டினார்.

"சார், அது சாட்சி!"

"சாட்சி சொல்லி முடிச்சாச்சு. உப்பு இருக்கா?"

கருவி ஏறியது. காலையில் ஒரு திருகு, மாலையில் ஒரு திருகு. சின்னச் சாவியை அண்ணிதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்புவாள். "கண்ணைத் திறம்மா, மூக்குல விடுற" என்று முயல் கத்துவாள். ஓட்டம் ஒருநாளும் நிற்கவில்லை. பல்தான் விலகவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் அத்தைக்குக் கடிக்க நகம் தீர்ந்துபோனது.

ஒன்பதாம் நாள் காலை, தடித்த மீசைக்காரர் ஒருவரை இயந்திரத்தில் நிறுத்தி, "அசையாதீங்க, வீட்டுக்காரியை நினைக்காதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பொத்தானுக்குக் கை போகும் நேரம் வாசலில் முயல். மைதானத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள்; வியர்வை சொட்டியது. உதட்டை விரித்தாள்.

முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஒரு அரிசி படுத்துத் தூங்கும் அகலத்தில், இடைவெளி.

"திறந்துடுச்சுடி!" என்று அலறினாள் அத்தை. வரவேற்பு மேசைப் பெண் ஓடி வந்தாள். மாடி டாக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பல் போனால் அழுகிற உலகத்தில், பல் இடைவெளிக்காக நான்கு பேர் கைதட்டினார்கள். அத்தையும் முயலும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுற்றிய சுற்றில் ஸ்கேன் இயந்திரம் தோற்றது.

சுற்றி ஓய்ந்தபோது, கனத்த கதவுக்குப் பின்னாலிருந்து, கடித்த குச்சியை விடாமலே ஒரு குரல் வந்தது:

"அக்கா... நான் இப்ப அசையலாமா?"