மாப்பிள்ளையின் டாப் கியர்

கியரை எப்போது மாற்றுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்வேன், சொன்னால் சண்டை வரும். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிருக்கிறது. என் தங்கை புருஷனுக்கு மூக்கு கோணியிருக்கிறது. இன்றைக்கும் அது நேராகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் ஓர் இரும்பு மில் முதலாளிக்கு டிரைவர். அவரிடம் இரண்டே கதவு வைத்த சின்னச் சிவப்புக் கார் இருந்தது. கியர் தரையில், கைக்கு அடக்கமாக. லீவு நாட்களில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்துக்கு அதைக் கொண்டுபோய், மனிதர் பேய் பிடித்த மாதிரி ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்தே நான் பாடம் படித்தேன். என்ஜின் முனகும்போது மாற்றக் கூடாது, கத்த விட வேண்டும். மூன்றாவதில் தொண்டை கிழியக் கத்தி, இனி முடியாது என்கிற இடத்தில்தான் நாலாவதுக்கு, அதாவது டாப்புக்குப் போக வேண்டும். அதிலும் முந்தும்போது மூன்றாவதுதான். டாப்பில் முந்தப் பார்த்தால் இழுவை இருக்காது, எதிரே வருகிறவன் மடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

தங்கை புருஷன் லாரி டிரைவர். நேரில் 'வாங்க மாப்ளே', மனசுக்குள் 'அவன்'. லாரிக்காரர்களின் கணக்கே வேறு. வண்டி நகர்ந்ததும் டாப்பைப் போட்டுவிட வேண்டும், பாலத்து இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளி என்ஜினையே அணைத்துவிட வேண்டும். டீசலும் மிச்சம், என்ஜினும் ஆறும். ஒருமுறை ஆந்திரா பக்கம் என்ஜின் வெந்து, வழியில் நின்று, பொட்டல் வெயிலில் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்திருக்கிறான். அதிலிருந்து என்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டாலே அவன் கை டாப்புக்குப் போய்விடும்.

"இன்னா மச்சான், வண்டியா ஓட்ற நீ? அதும் கழுத்த இல்ல நெரிக்கிற!" என்பான் டீக்கடையில்.

"நீங்க ஓட்றது வண்டியா மாப்ளே? கட்டிலு. படுத்துக்கினே ஓட்லாம்" என்பேன்.

ஒருநாள் டீ கிளாஸ் என் காதோரம் பறந்து சுவரில் சிதறியது. தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். என்ன செய்தாலும் மாப்பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

அப்போது தங்கைக்கு நிறைமாதம். ஒரு நாள் காலை அவன் மில் கேட்டுக்கு ஓடிவந்தான். லுங்கியெல்லாம் ரத்தம்.

"மச்சான், அவளுக்கு ரத்தம் நிக்கலடா. உடனே பட்டணத்துக்கு இட்டுனு போங்க, இல்லனா ரெண்டு உசுரும் மிஞ்சாதுன்றாங்க நர்சம்மா."

முதலாளி ஊரில் இல்லை, சாவி என்னிடம் இருந்தது. குறுக்கே வந்த வாட்ச்மேனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டுக் காரை எடுத்தேன். அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, பின் சீட்டில் அவளை மடக்கிப் படுக்க வைத்தோம். வேறு யாருக்கும் அதில் இடமில்லை. அவன் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், ஆனால் பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது யார் அப்படிச் சொல்வது?

கவரைப்பேட்டை வரைக்கும் பொறுத்துக்கொண்டான். நான் மூன்றாவதிலேயே வைத்து விரட்டிக்கொண்டிருந்தேன். "மாத்துடா, டாப்பு போடு, டாப்பு போடு" என்று ஜபம் செய்ய ஆரம்பித்தான். சரி, தொலையட்டும் என்று ரோடு காலியான இடத்தில் போட்டேன். அடுத்து வைக்கோல் லாரி ஒன்று முன்னால் ஆடிக்கொண்டு போனது. முந்த வெளியே எடுத்தேன், எதிரே பஸ். கிளட்ச்சை மிதித்து மூன்றாவதுக்கு இறக்கப் போனால், என் கை மேல் அவன் கை!

"எறக்காதடா! என்ஜின் பூடும்! நடு ரோட்ல நின்னா அவ செத்துடுவாடா!"

லாரிக்குப் பக்கத்திலேயே கார் இழுவை இல்லாமல் மிதக்கிறது. பஸ்காரன் ஹாரனை அழுத்தியபடி வருகிறான். இடது முழங்கையைத் திருப்பி அவன் மூஞ்சியில் இறக்கினேன். மூக்கு உடைந்த சத்தம் என் எலும்பில் கேட்டது. கை விட்டது, மூன்றாவது விழுந்தது, கார் துள்ளி லாரிக்கு முன்னால் பாய்ந்தது. பஸ் என் பக்கக் கண்ணாடியைப் பேர்த்துக்கொண்டு போனது.

"அய்யோ, அண்ணா!" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள். அவன் என் தலைமயிரைப் பிடித்து உலுக்கினான். அவன் மூக்கு ரத்தம் என் சட்டையில் ஒழுகியது. கெட்ட வார்த்தைகள் எங்கள் இருவருக்கும் தீர்ந்தே போயின.

காரனோடைப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது அந்தப் பாவி வேலையைக் காட்டினான். எட்டி சாவியைத் திருப்பி, உருவி, கைக்குள் மூடிக்கொண்டான். என்ஜின் செத்தது.

"ஆறட்டும். எறக்கந்தான, தானா போவும்."

அவன் குரலில் கொழுப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கண் இருண்டது. ஓரமாக நிறுத்தி, அந்தப் பக்கம் ஓடி, கதவைத் திறந்து அவனைக் காலரோடு வெளியே இழுத்தேன். புழுதியில் உருண்டோம். அவன் என் தாடையில் குத்தியதில் பல் வாய்க்குள்ளேயே விழுந்தது. அவன் தலையைப் பிடித்து மைல்கல்லில் மோதினேன். மாப்பிள்ளையாவது, மண்ணாவது! சாவியை மட்டும் விடவில்லை அவன். கடைசியில் மணிக்கட்டைக் கடித்தேன், சதை பெயரக் கடித்தேன். அப்போதுதான் விரல் பிரிந்தது. நான் ஏறி ஸ்டார்ட் பண்ணுவதற்குள் அவனும் தொற்றிக்கொண்டான்.

கடிபட்ட மணிக்கட்டை லுங்கியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். செங்குன்றம், மாதவரம், மூலக்கடை எல்லாம் மூன்றாவதிலேயே பறந்தன. என்ஜின் வேகவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்த ஆயாவுக்கு யாருக்குப் பிரசவம், யாருக்குக் கட்டு என்று புரியவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து சொன்னார். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்திருக்கிறது, இன்று இல்லை, நேற்றே.

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளே போனோம். அவள் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. வீங்கிய எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியபோது அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும். நேத்தே அது அசையல."

"ஏம்மா சொல்லல?" என்றான் அவன்.

"சொல்லியிருந்தா? போனது போயிட்ச்சி, மெதுவா பாத்துக்கலாம்னு ஊட்லயே போட்டிருப்பீங்க. கொழந்த உசுரோட இருக்குதுன்னு நெனச்சாத்தான் ஓடுவீங்க. நான் பொழைக்கணும்னு ஏறினேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாலத்தாண்ட நீங்க ரெண்டு பேரும் அட்ச்சிக்கினு கெடந்தப்போ வேண்டிக்கினேன்டா அண்ணா. எவனாவது ஒருத்தன் சீக்கிரம் செத்துட்டா, இன்னொருத்தன் வந்து வண்டிய எடுப்பான்னு."