கடைசி அணியின் சிறந்த பயிற்சியாளர்

ஓரின் லேத்ரப் பத்தொன்பது வருடமாக நெப்ராஸ்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் பெண்கள் கைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். பெயர்தான் பயிற்சியாளர். வேன் ஓட்டுவது, வலை கட்டுவது, வியர்வை நாறும் சட்டைகளைத் துவைத்துப் போடுவது, கடைசியில் ஜெயித்த அணிக்குக் கை கொடுப்பது எல்லாம் அவர்தான். கை கொடுத்துக் கொடுத்தே மனிதருக்குக் கை தேய்ந்துவிட்டது.

இந்த வருடம் அவரிடம் இருந்தது ஒன்பது பெண்கள். ஒருத்திக்குக் கணுக்கால் முறிந்தது, ஒருத்தி காய்ச்சலில் படுத்தாள், ஒருத்தி படிப்பே வேண்டாமென்று ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் ஆறு பேர். மாற்று ஆள் கிடையாது. அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு இருபத்துநாலு ஆட்டம் ஆடி, மூன்றில் ஜெயித்து, எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பில் எட்டாவது இடம் பிடித்தார். விளையாட்டுத் துறைத் தலைவர் நடைவழியில் நிறுத்தி, "திங்கட்கிழமை என் ரூமுக்கு வா ஓரின், பேசணும்" என்றார். எதைப் பேச என்று சொல்ல வேண்டுமா? ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனால் ஓரினுக்கு வேறொன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கூட்டமைப்பின் பரிசளிப்பு மதிய விருந்து. அங்கே அறிவிக்கப்படும் வருடத்தின் சிறந்த பயிற்சியாளரைப் பயிற்சியாளர்களே முன்கூட்டி ஓட்டுச் சீட்டு அனுப்பித் தேர்ந்தெடுப்பார்கள். தன் பெயரைத் தானே எழுதக்கூடாது, அது ஒன்றுதான் விதி. எட்டுப் பேரும் தேர்ந்த கள்ளர்கள். தனக்குக் கிடைக்காது என்றால் எதிராளிக்கும் கிடைக்கக்கூடாது. ஆகவே யாருக்கும் போட்டியில்லாத ஒரு அப்பாவியின் பெயரை எழுதிவிடுவது. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற புத்தி. தூ! ஓரினும் அதில் சளைத்தவரல்ல. இந்த வருடம் இருபத்திரண்டு ஆட்டம் ஜெயித்தவள் மார்னி ப்ரான்வோல்ட் என்ற இளம் பயிற்சியாளர். மூன்று வருடத்துக்கு முன் ஓரினின் சிறந்த ஆட்டக்காரி ஒருத்தி அவரை விட்டு மார்னியின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மார்னிதான் ஆசை காட்டி இழுத்தாள் என்று ஓரின் நம்பினார். அதனால் ஓட்டுச் சீட்டில் ஏழாவது இடத்துக்காரர் டெல்மர் வாஸ் பெயரை எழுதி அனுப்பினார்.

விருந்தில் வழக்கம்போல பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி, கூடவே இலவங்கப்பட்டை ரொட்டி. நல்ல விளையாட்டுக் குணத்துக்கான பரிசைப் போன மாதம் நடுவரைப் பார்த்து நாற்காலியை எறிந்த ஆள் வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் கைதட்டினார்கள். ஓரின் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்தார்.

கூட்டமைப்புச் செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டினார். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது வெளியே வராது, எண்ணிக்கை மட்டும் வாசிப்பார். "சிறந்த பயிற்சியாளர். டெல்மர் வாஸ் ஒரு ஓட்டு. மார்னி ப்ரான்வோல்ட் மூணு. ஓரின் லேத்ரப் நாலு!"

கூடமே திரும்பி ஓரினைப் பார்த்தது. பிறகு டெல்மர், "யோவ் ஓரின், ஆலையில்லா ஊருக்கு நீதான்யா இலுப்பைப்பூ சர்க்கரை!" என்று கத்தினார். சிரிப்பு வெடித்தது. ஓரினுக்குச் சட்டென்று விளங்கியது. அவரவர் தந்திரமாகக் குத்திய ஓட்டெல்லாம் வந்து விழுந்த அப்பாவி இந்த வருடம் அவரேதான். பின்மேஜையில் உட்கார்ந்திருந்த அவருடைய அணித் தலைவி ஷெல்பி, "எதுக்கு கோச்?" என்று கேட்டாள். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் ஓரினுக்கு உறைத்தது.

பக்கத்தில் துறைத் தலைவர் வாயெல்லாம் பல்லாக அவர் தோளைத் தட்டினார். "திங்கட்கிழமைப் பேச்சை விடு. ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுரலாம். போய்ச் சிரிச்ச முகமா வாங்கிட்டு வா."

வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்திருக்கலாம். மேடைக்குப் போய்ப் பெயர் வெட்டிய பரிசுப் பலகையைக் கையில் வாங்கியவர் அந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாலு பேர் எனக்குப் போட்டிருக்கீங்க. சந்தோஷம். நான் நல்லாப் பண்ணினேன்னு நெனச்சுப் போட்டவன் ஒருத்தன் இருந்தா எழுந்திரு. இல்லேன்னா இந்தப் பலகையை நீங்களே வெச்சுக்கிட்டு அதுல மூஞ்சி பாருங்க. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

ஒருத்தரும் அசையவில்லை. ஓரினுக்கு அதில் ஒரு கேவலமான திருப்தி. அப்போது முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மார்னி எழுந்து நின்றாள்.

"நான் போட்டேன்" என்றாள். "ஆறு பொண்ணுங்களை வெச்சு ஒரு ஆட்டத்தைக்கூட வேண்டாம்னு விட்டுக்கொடுக்கல நீங்க. என்கிட்ட பதினெட்டுப் பேர். எனக்கு ஆறே பேர் இருந்திருந்தா அக்டோபர்லயே கடையைக் கட்டியிருப்பேன். அதான் போட்டேன்." உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். "நீங்க யாருக்குப் போட்டீங்க ஓரின்?"

மூன்றும் ஒன்றும் நாலு. கணக்கு அவர் தலைக்குள் சுத்தியலாக விழுந்தது. அந்த ஒற்றை ஓட்டை அவளுக்குப் போட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து இந்த மேடையில் நின்றிருப்பார்கள். பொய் சொல்லலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

"டெல்மருக்கு" என்றார்.

இந்த முறை டெல்மர்கூடச் சிரிக்கவில்லை. ஓரின் இறங்கி வந்து பலகையை மார்னியின் மேஜையில் வைத்தார். அவள் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"உங்க பேருதானே வெட்டியிருக்கு. எடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை துறைத் தலைவர் ஒப்பந்தத்தை நீட்டினார். "ஏன்யா அப்படி உளறினே? விடு, உனக்குப் பரிசு கிடைச்ச செய்தி பேப்பர்ல வந்தாச்சு, இனி உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது." அவருக்கும் வெட்கமில்லை. ஓரினுக்கு மட்டும் இருந்ததா? கையெழுத்துப் போட்டார். பலகையைச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்கச் செருகிவைத்தார். துவைக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும், தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும். ஆனால் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதில் ஒரு நல்ல ஓட்டும் இருந்தது.

அடுத்த நவம்பரில் ஓட்டுச் சீட்டு வந்தது. ஓரின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் படித்தார். மார்னி கோடையிலேயே மிசௌரியில் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள். போன வருடம் அவர் எழுதாமல் விட்ட அவள் பெயர் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது.